குவைத்துக்கும் பென்னலூருக்கும் ஆறு மணி நேரம் என்றாயே

என் இடுப்பை விட்டு இறங்காமலே வளர்ந்த தம்பி ஏழுமலைக்கு,

நாளைக்கு உன் பதினாறாம் நாள் காரியம். பந்தல்காரன் கம்பும் கீற்றும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். உன் பெண்டாட்டி பார்வதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் உன் வீட்டு நடையில் உட்கார்ந்து உன் மகன் சேகரின் பேனாவால் இதை எழுதுகிறேன். ஆமாம், உன் வீட்டில்தான். ஏழு வருஷமாக ஏறாத படியை நீ போன அன்றைக்கு ஏறினேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்று சிரிக்காதே. எனக்குப் படிப்புதான் குறைச்சல், ஞாபகம் குறைச்சல் இல்லை. என் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யாருக்கு அப்பளம் வரவில்லை, அதற்கு யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவேன். நான் எதையும் மறக்காதவள் என்று ஊருக்கே தெரியும். அந்தத் திமிரில்தான் உன்னை நாலு பேர் நடுவில் நிற்க வைத்துத் திட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. "செத்தவரத் திட்டாதீங்க அண்ணி" என்கிறாள் பார்வதி. உயிரோடு இருந்தபோது பேசாமலே இருந்துவிட்டேன். இப்போதும் திட்டாவிட்டால் எப்போது திட்டுவது?

ஆறு மணி நேரம் என்று சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். அம்பத்தூரில் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தவன் குவைத்துக்குப் போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தாய். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தவள் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். குவியலிலிருந்து மூன்று புளியங்கொட்டையைப் பொறுக்கித் தரையில் வைத்தாய்.

"இது மெட்ராஸு. இது பம்பாய். தோ, இது குவைத்து. இதுலேர்ந்து இதுக்கு ரெண்டு மணி நேரம். இதுலேர்ந்து இதுக்கு நாலு மணி நேரம். அவ்ளோதாம்மா."

"நடுவுல இன்னாடா கீது?" என்றாள் அம்மா.

"கடலு."

"அவ்ளோ தண்ணியா?"

"தண்ணி கீழ கெடக்கும். நான் மேல போவேன். உனுக்கு ஒண்ணுன்னா ஆறு மணி நேரத்துல வந்து நிப்பேன். இங்கேர்ந்து காஞ்சிபுரம் போயி, ஒரு படம் பாத்துட்டு, பஸ்ஸு கெடைக்காம நின்னு வூடு வந்து சேர்ற நேரம்."

ரெண்டாயிரத்து முந்நூறு மைல் என்று ஏஜெண்டு சொன்னதாகவும் சொன்னாய். அம்மாவுக்கு மைல் புரியவில்லை, மணி புரிந்தது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்றாய். பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஆறு மணி நேரம் பறந்தாலும் அங்கே மூன்றரைதான் ஆகியிருக்குமாம். "அப்போ வர்றப்போ?" என்று நான்தான் கேட்டேன். "வர்றப்போ எட்டரை மணி நேரம் போனாப்போல இருக்கும் யக்கா, கடியாரத்துல" என்று சிரித்தாய். போவதற்கு நேரம் மிச்சமாகிற ஊர், வருவதற்கு நேரத்தைத் தின்கிற ஊர் என்று அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாதான் அந்த மூன்று கொட்டையையும் எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

நீ போன பிறகு அவளுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. உச்சி வேளையில் சோற்றுக்கு உட்காருவாள். "அவனுக்கு இப்போதாண்டி ஒம்பதரை. பசிக்கவே பசிக்காது" என்பாள். ஏரிக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற பிளேன் சத்தம் கேட்டால் வாயில் வெற்றிலையோடு வெளியே ஓடிவருவாள். எல்லாப் பிளேனும் குவைத்திலிருந்து வருகிறது என்று அவளுக்கு எண்ணம்.

அடுத்தது அந்தப் பொய்த் தந்தி. யாருக்கும் தெரியாது என்று நினைக்காதே, தபால் ஆபீஸில் தந்தி அடிக்கிறவருக்குக் கூடத் தெரியும்.

என் பெரிய மகளுக்குக் கல்யாணம் குறித்தாயிற்று. தாய்மாமன் நீ வந்து வரிசை வைக்காமல், நீ கைப்பிடித்து மணையில் உட்கார வைக்காமல் என் மகள் எப்படி உட்காருவாள்? கல்யாணத்துக்கெல்லாம் கம்பெனி லீவு தராது என்று எழுதினாய். அடுத்த கடிதத்தில் நீயே வழியும் எழுதினாய். "அம்மாவுக்கு சீரியஸ் என்று தந்தி கொடு அக்கா. இங்கே எல்லாரும் அப்படித்தான் லீவு வாங்குகிறார்கள்." அதைப் படித்து அம்மாவுக்குச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புடவையில் ஒழுகியது. "குடுடி, குடு. நான் செத்தாலும் அவன் வரணும், சாவாட்டியும் அவன் வரணும்" என்றாள். ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீஸுக்கு நான்தான் போனேன். 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி. கன்னியம்மா.' நாலாம் நாள் நீ டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கினாய்.

கல்யாணப் பந்தலில் முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, ஒனக்கு சீரியஸ்னு தந்தி போச்சாமே" என்று பந்தி விசாரித்தவன் கேட்டான். "ஆமாம்பா, ரொம்ப சீரியஸ்தான். எலையில இன்னொரு லட்டு வையி" என்றாள். பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். நானும்தான்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சைக்கூடப் பிடிக்கவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பார்க்கும்போது போய்விட்டிருந்தாள்.

தந்தி கொடுக்க வேண்டும். "செத்துட்டான்னு அடிக்காத" என்றார் சித்தப்பா. "அங்க தனியா கீறான். பிளேன்லயே மனசு வுட்டுருவான். சீரியஸ்னு அடி. வந்து மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்." ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். செத்தவர்களை சீரியஸ் என்போம், ஊர்க் கோடியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டு அவனவன் தெரிந்துகொள்வான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நானே போனேன். போன தடவை எழுதிய அதே வார்த்தைகளையே எழுதிக் கொடுத்தேன்.

தந்தி அடிக்கிறவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன வருஷமும் இதே தந்திதானேம்மா? உங்கம்மா கெட்டியாத்தான் கீறாங்க" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, பழகிய மனுஷன் என்று சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் உன்னை எதிர்பார்த்து நாங்கள் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து வண்டியில் ஐஸ் பாளம் வந்தது. மரத்தூளைக் கழுவி அம்மாவைச் சுற்றி அடுக்கினோம். ஒவ்வொரு பிளேன் சத்தத்துக்கும் பந்தலில் இருந்த அத்தனை தலையும் மேலே நிமிர்ந்தது. "இதுல கீறான் பாரு." "இல்லடா, இது டெல்லி பிளேனு." "நீ பெரிய பைலட்டு." சாவு வீட்டில் ஆம்பளைகள் பிளேன் பெயர் சொல்லிப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளேன் இறங்கி ஒரு மணி நேரம், பஸ்ஸோ காரோ பிடித்து வர இன்னொரு மணி நேரம் என்று கணக்குப் போட்டு நான் ட்ரங்க் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்க மாமா மீனம்பாக்கத்தில் போய் நின்றார். பம்பாய்ப் பிளேன் இரண்டு வந்தது. திரும்பி வந்து துண்டை உதறிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் எறங்கனாங்க. அவன் எறங்கல."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐஸ் தண்ணீர் வாசல்வரை ஓடிவிட்டது. இனிமேல் வைக்க முடியாது என்றார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பெற்ற பிள்ளை நீ இருக்க, அவன் வைத்தான். அம்மாவைக் குளிப்பாட்டும்போது சுருக்குப் பையை அவிழ்த்து நான் வைத்துக்கொண்டேன். வெற்றிலைக் காம்பு, ஒரு ஊக்கு, அந்த மூன்று கொட்டை. இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

எரித்துவிட்டு வந்து இறந்துவிட்டாள் என்று இரண்டாவது தந்தி போட்டோம். அம்மா போய் ஆறாம் நாள் நீ வந்தாய். தெருவில் பெட்டியோடு நின்றாய். "ஆறு மணி நேரம்னியேடா, ஆறு நாளு ஆச்சேடா" என்று உன் சட்டையைப் பிடித்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "பாஸ்போர்ட்டு கம்பெனி கைல கீது யக்கா. குடுக்கல."

நம்பினேன். பத்து நாள் நம்பினேன். யாரோ முகம் தெரியாத கம்பெனிக்காரனுக்குச் சாபம் விட்டுக்கொண்டிருந்தேன்.

காரியத்தன்று சோமங்கலத்துக்காரர் வந்தார். உன்னோடு ஒரே கேம்பில் இருந்தவர், லீவில் வந்திருந்தார். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது யாரிடமோ சொன்னார்: "எங்க கம்பெனி அந்த விஷயத்துல நல்ல கம்பெனிப்பா. அம்மா அப்பான்னு தந்தி வந்தா அன்னிக்கே பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுத்துருவான்." அவருக்கு நான் பின்னால் மோர்ச் செம்போடு நிற்பது தெரியாது.

நான் என்ன பேசினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தல் நடுவில் போய் நின்று கத்தினேன். "பாஸ்போர்ட்டு கம்பெனில கீதா? ஏண்டா, அம்மா ரெண்டு நாளு ஐஸ்ல கெடந்தாளே, நீ ஓ.டி. பாத்துகினு கெடந்தியா? பெத்தவள வுட ஒனக்கு வெல்டிங் பெருசா? இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல." நீ வாங்கி வந்த புடவையை உன் காலடியில் போட்டேன். நீ குனிந்து எடுத்து மண்ணைத் தட்டி மடித்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நிற்பதைப் பார்த்து, குற்றம் செய்தவன் வேறு எப்படி நிற்பான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மூடிய வாயை ஏழு வருஷம் திறக்கவில்லை. நீ குவைத்தை விட்டு ஊரோடு வந்தாய், ட்ரங்க் ரோட்டில் வெல்டிங் பட்டறை போட்டாய். ஆறு வீடு தள்ளி இருந்தாய். உன் பட்டறையைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். நீ கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பாய், நான் ரோட்டின் அந்தப் பக்கம் மாறிவிடுவேன். சின்ன மகள் கல்யாணத்துக்கு வரிசைத் தட்டோடு வாசலில் வந்து நின்றாயே. உங்க மாமா கெஞ்சினார். "தட்டும் வேணாம், ஆளும் வேணாம்" என்றேன். பெரியப்பா மகனைத் தாய்மாமனாக உட்கார வைத்தேன். கொள்ளி வைத்தவனே வரிசையும் வைக்கட்டும் என்று உன் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

போன மாதம் கோயில் தெருவில் எதிரில் வந்தாய். ரொம்ப மெலிந்திருந்தாய். ஏன் இப்படி இளைத்துவிட்டான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டறைப் பையன்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்றும், ஆஸ்பத்திரி போகும் முன்னாலேயே முடிந்துவிட்டது என்றும் சொன்னபோது நான் அடுப்பின் முன் இருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று தெரியவில்லை. எனக்கே தெரியாத விஷயம் அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

உன் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை. சேகர் குவைத்தில் இருக்கிறான், நீ இருந்த அதே கம்பெனியில். பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஃபாதர் சீரியஸ்னு குடுக்கச் சொல்லுங்க அண்ணி. அவன் இள மனசு. செத்துட்டாருன்னு பாத்தான்னா வர்ற வழியிலயே எங்கனா வுழுந்துருவான்." சுற்றி இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். சித்தப்பாவுக்குக் காது போய்விட்டது, அவர்கூட "சீரியஸ், சீரியஸ்" என்று தலையை ஆட்டினார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எவனாவது சீரியஸ்னு சொன்னீங்க, இந்த வூட்டு வாசப்படி மிதிக்க வுட மாட்டேன்" என்றேன். ஏழு வருஷம் மிதிக்காத வாசற்படியில் நின்றுகொண்டுதான் சொன்னேன். யாரும் அதை எடுத்துக் காட்டவில்லை. மருமகனை அழைத்துக்கொண்டு நானே போனேன். தபால் ஆபீஸில் இப்போது வேறு ஆள். 'ஃபாதர் எக்ஸ்பயர்டு. கம். கன்னியம்மா.' வேறு யார் பெயரைப் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

மறுபடியும் ஐஸ். மறுபடியும் பிளேன் சத்தம். ஆனால் இந்தத் தடவை நான் மேலே பார்க்கவில்லை, உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே மனசுக்குள் திட்டினேன். உன் மகனுக்காவது கொடுத்துவைக்கட்டும், உன்னை மாதிரி ஆகக் கூடாது என்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயில் தாழும் முன்னே வாசலில் டாக்ஸி நின்றது. சேகர் வேலைச் சட்டையோடு இறங்கினான். பெட்டி இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பாஸ்போர்ட்டும் ஒரு துண்டும். உன் மகன் உனக்குக் கொள்ளி வைத்தான், ஏழுமலை. அதைப் பார்த்தேன்.

பால் தெளித்து வந்த அன்று அவனுக்குச் சோறு போட்டேன். சும்மா இருந்தேனா? என் வாய் அப்படி. "நீ ஒண்ணேகா நாள்ல வந்துட்ட. ஒங்கப்பன் ஆறு நாளு எடுத்துகினான்" என்றேன்.

அவன் பிசைந்த கையை எடுத்துவிட்டான். "அத்த, அதப் பேசாத."

"ஏன் பேசக் கூடாது? நடந்ததுதானே?"

"நான் மொத மொத கெளம்பறன்னிக்கு மீனம்பாக்கத்துல அப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? எவன் பேர்ல தந்தி வந்தாலும் யோசி. ஒங்கத்த பேர்ல வந்தா மட்டும் யோசிக்காத. துணியக்கூட மடிக்காத. கெளம்பிடுன்னாரு."

"என் பேர்ல இன்னாடா அப்பிடி?"

"அவரு ஒரு வாட்டி யோசிச்சிட்டாரு அத்த."

அப்புறம் சொன்னான். அம்மா போன அன்றைக்கே என் தந்தி உன் கைக்கு வந்துவிட்டதாம். கேம்ப் ஆபீஸ்காரர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள் என்றாராம். நீ வேண்டாம் என்றாயாம். "போன வாட்டி வந்தது பொய்த் தந்தி சார். என்னை மன்னிச்சிருங்க. இதுவும் எங்கக்கா வேலைதான். ஒரு வாட்டி ஏமாத்தனது போதும்" என்று நல்லவன் மாதிரி சொல்லிவிட்டு வேலைக்குப் போனாயாம். ரூமில் தந்தியைக் காட்டிச் சிரித்தாயாம். அடுத்த நாள் அங்கே விடுமுறை, ஆபீஸ் இல்லை. சனிக்கிழமை இரண்டாவது தந்தியைக் கையில் வாங்கியவன் வெல்டிங் ராடு பெட்டிமேல் உட்கார்ந்து சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லையாம். அப்புறம்தான் பாஸ்போர்ட்டு, அப்புறம்தான் டிக்கெட்டு.

"பெத்தவ சீரியஸ்னு வர்ற தந்திய எவனாவது பொய்னு நெனப்பானா?" என்று கேட்டேன். இன்னும் உன்மேல்தான் கோபம்.

சேகர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அதுக்கு பத்து நாள் முன்னாடி அப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுதினியா அத்த? சின்னதுக்கு மஞ்சள் தண்ணி ஊத்தணும்னு?"

ஏழுமலை, எதையும் மறக்காதவள் நான். அவன் கேட்ட பிறகுதான் எனக்கு அது வந்தது. வந்ததும் முழுசாக வந்தது. ஏர்மெயில் கடுதாசியின் நீலம், பேனா பாதியில் கக்கிய இடம், எல்லாம். சின்னவள் பெரிய மனுஷி ஆகியிருந்தாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலை கட்டாமல் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று உனக்கு எழுதினேன். கடைசி வரி: 'நீ வராமல் முடியாது. பழையபடி தந்தி அடிக்கட்டுமா?'

பக்கத்தில் அம்மா இருந்தாள். பாக்கு வெட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இந்த வாட்டி ரொம்ப சீரியஸ்னு எழுதுடி. அப்போதான் நம்புவான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பத்து நாளில் போய்விட்டாள்.

நீ அந்தக் கடுதாசியைப் படித்திருந்தாய். அதற்குப் பின்னால் அந்தத் தந்தி வந்தது. வேறு எப்படி நினைப்பாய்?

சரி, நினைத்தாய். வரவில்லை. ஆறாம் நாள் வந்தாயே, நான் சட்டையைப் பிடித்தபோது சொல்லியிருக்க வேண்டியதுதானே. பந்தலில் கத்தினேனே, அப்போது சொல்லியிருக்கலாமே. "யக்கா, நீ எழுதுன கடுதாசிதான்" என்று ஒரே வரி. எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சேகரிடம் கேட்டேன், உன் அப்பன் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று.

"நானும் கேட்டேன் அத்த. சொன்னா அக்கா தாங்காது, சோறு தண்ணி எறங்காது. என் மேல கோவமா இருந்தா சாப்புட்டுகினாவது இருக்கும்னாரு."

இதற்குத்தான்டா எனக்குக் கோபம். நான் சாப்பிட்டேன். ஏழு வருஷமும் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். உன் பட்டறையைத் தாண்டிப் போய்க் கறி வாங்கி வந்து ஆக்கிச் சாப்பிட்டேன். நீ மெலிந்துகொண்டே போனாய். என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு செய்ய நீ யார்? எனக்குப் பின்னால் பிறந்தவன். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். என் தப்பை என்னிடம் கொடுப்பதற்கு என்ன? அழுதிருப்பேன், தலையில் அடித்துக்கொண்டிருப்பேன், ஒரு மாதம் படுத்திருப்பேன். அப்புறம் எழுந்து உனக்கு மீன் குழம்பு கொண்டுவந்திருப்பேன். நீ பெரிய மனுஷத்தனமாக வாயை மூடிக்கொண்டாய். சின்னவள் கல்யாணத்தில் தட்டோடு நின்றபோதும் மூடிக்கொண்டாய். உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அந்தக் கேம்ப் ஆபீஸ்காரரிடம் மட்டும் உண்மை பேசத் தெரிந்தது உனக்கு. பேசக் கூடாத இடத்தில் பேசினாய்.

என் மேல் கோபம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இனிமேல் வேறு வேலை இல்லை.

இப்போது நீ அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருப்பாய். முதல் வேலையாக எல்லாவற்றையும் சொல்லியிருப்பாய். அவளிடம் மட்டும் நீ எதையும் மறைத்ததில்லை. அவள் என்ன சொன்னாள்? சிரித்தாளா? நாம் மூன்று பேரும் சேர்ந்து செய்த பொய், அதில் அவள்தான் முதலில் சிரித்தவள் என்று சொன்னாயா? இல்லை, அவளிடமும் பாஸ்போர்ட்டு கம்பெனியிடம் இருந்தது என்றுதான் சொன்னாயா?

இங்கத்திச் சங்கதி சொல்கிறேன். பட்டறையை மூடவில்லை, உன் ஆட்களே நடத்துகிறார்கள். சேகர் அடுத்த வாரம் திரும்புகிறான். பார்வதி போக வேண்டாம் என்று அழுகிறாள். நேற்று அவளைச் சமாதானம் பண்ணுகிறேன் என்று, "ஆறு மணி நேரம்தாம்மா, வந்துர மாட்டேனா" என்றான். அவன் வாயிலேயே ஒன்று வைத்தேன். மீசை முளைத்த பிள்ளையை. அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் இனிமேல் சொல்லக் கூடாது. அங்கிருந்து இங்கே எவ்வளவு நேரம் என்று எனக்கு இரண்டு தடவை தெரிந்துவிட்டது. ஒரு தடவை ஆறு நாள், ஒரு தடவை ஒன்றேகால் நாள். பிளேன் இரண்டு தடவையும் ஒரே வேகத்தில்தான் பறந்திருக்கும்.

நீ சின்னவளுக்கு எடுத்து, நான் திருப்பி அனுப்பிய வரிசைப் புடவையைப் பார்வதி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அரக்கு நிறம். மடிப்புக் கலையவில்லை. சின்னவள் நாளைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வருவாள். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நாளைக்குப் பந்தலில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பாதிப் பேர் இருப்பார்கள். சோமங்கலத்துக்காரருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று. பந்தி முடிகிறவரை காத்திருக்க மாட்டேன், யாராவது பாதியில் எழுந்து போய்விடுவார்கள். இலை போட்டவுடன் நடுவில் போய் நிற்பேன். அன்றைக்குக் கத்தின அதே குரலில், காது போன சித்தப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். தந்தி என் பேரில் போனது, அதற்கு முன்னால் கடுதாசி என் கையால் போனது, என் தம்பி ஓ.டி. பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்று சொல்வேன். உன்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு வராது. இது சத்தியம். சாப்பாடு அதற்கப்புறம்தான்.

ஆறு வீடு தள்ளி இருந்தும் ஏழு வருஷம் வந்து சேராத
உன் அக்கா,
கன்னியம்மா